தங்கச்சிமடத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு: மலையில கிறிஸ்மஸ் கொண்டாட முதல் தடவ குடும்பத்தோட கிளம்புறவங்களுக்கு

போன வருஷம் கொடைக்கானல் போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சதுதான் தப்பு, பாம்பன்ல இருக்க மாமா வீடு, மண்டபத்து மதினி, தெருவுல நாலு பேருன்னு ஆளாளுக்கு போன போட்டு எப்படிப் போனீக, ரூமு எங்க போட்டீக, குளுரு தாங்குமா, ஏதோ பாஸ் எடுக்கணுமாமேன்னு கேட்டு கேட்டு, நானும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பி தொண்ட கட்டிப்போச்சு. அதான் மொத்தத்தையும் ஒரே தடவையா எழுதிடுறேன், கேக்குறவங்களுக்கு இத அனுப்பிட்டா வேல முடிஞ்சுது.

எங்க ஊரு ராமேஸ்வரம் தீவுல இருக்க தங்கச்சிமடம், நான் ஒண்ணும் டூர் நடத்துற ஆள் இல்ல. மூணு தடவ கிறிஸ்மஸ் லீவுக்கு குடும்பத்தோட மலைக்குப் போயிருக்கேன். முதல் தடவ முழு சொதப்பல், ரெண்டாவது பாதி சொதப்பல், மூணாவதுதான் உருப்படியா அமைஞ்சுது. நாங்க ஆறு பேரு: நான், வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைக, எங்கம்மா, தம்பி. அம்மாவுக்கு ரெண்டு மூட்டும் வலி, சின்னவளுக்கு பஸ்ல ஏறுனாலே வாந்தி. மூணு தடவ போயி நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், பிளான எப்பவும் அந்த ரெண்டு பேர வச்சுத்தான் போடணும், நம்மள வச்சு இல்ல. அம்மா மூட்டும் பிள்ள வயிறும் தாங்குற மாதிரி போட்டா மத்த எல்லாம் தானா சரியா வரும்.

ஸ்டெப் 1: 24 ராத்திரி எங்க இருக்கப்போறோம்னு வீட்டுல பேசி முடிங்க

இதத்தான் முதல்ல பேசணும், ரூமெல்லாம் அப்புறம். நம்ம பக்கம் கிறிஸ்மஸ்னா ஊருதான், ராத்திரிப் பூச, கோயில்ல குடில், விடிஞ்சா பங்காளி வீட்டுக்கெல்லாம் முறுக்கும் அதிரசமும் தட்டுல போயிக்கிட்டே இருக்கும், கடலுக்குப் போற வள்ளமெல்லாம் கரையில கெடக்கும். அன்னிக்கு ஊர்ல இல்லன்னா பெரியவங்களுக்கு மனசு ஒப்பாது. எங்கம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய புயல் அடிச்சுக்கிட்டுப் போனப்ப அவங்களுக்கு ஏழு வயசு, அந்த வாரம் வந்தாலே வீட்ட விட்டு வெளிய போக யோசிப்பாங்க. "ஏய்யா, வேற நாளே கெடைக்கலயா ஒனக்கு" இதுதான் மூணு வருஷமா அவங்க கேள்வி.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அரையாண்டுப் பரீட்ச 23 வாக்குல முடியும், அன்னிக்கு ராத்திரியே மதுர வரைக்கும் போயி தங்கி 24 காலைல மல ஏறிரணும், கிறிஸ்மஸ மேல கொண்டாடிட்டு 26 காலைல இறங்கிரணும். இன்னொண்ணு, கிறிஸ்மஸ ஊர்ல முடிச்சிட்டு 25 மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பி, ராத்திரி மதுரையில தங்கி, 26 காலைல ஏறுறது. ரெண்டாவது வழில மாமியார் மருமக சண்ட வராது, ஆனா ரோட்டுல சண்ட வரும். 26லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும் தமிழ்நாடு மொத்தமும் கொடைக்கானல்லதான் நிக்கும். நாங்க அப்படிப் போன வருஷம் பெருமாள்மலைக்கு முன்னாடி ரெண்டர மணி நேரம் வண்டி நகரல, முன்னாடியும் போக முடியாம பின்னாடியும் போக முடியாம, பெரியவன் ஒண்ணுக்குப் போகணும்னு அழ, எங்கம்மா ஜெபமாலைய எடுத்து மூணு சுத்து முடிச்சிட்டாங்க.

என் கருத்து, முதல் வழிதான் நல்லது. ஆனா பெரியவங்க மனசு நோகாம செய்யணும், 23 சாயங்காலமே ஊர்க்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி குடில் வேல நடக்குறதப் பாத்து சாமி கும்பிட வச்சுட்டுத்தான் வண்டியில ஏத்தணும். எங்க வீட்டுல இன்னொரு வேலையும் செஞ்சோம், அத பின்னாடி சொல்றேன்.

ஸ்டெப் 2: எந்த மல

நம்ம ஊர்லேர்ந்து பாத்தா கொடைக்கானல்தான் கைக்கு எட்டுற மல. தங்கச்சிமடத்துலேர்ந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், நடுவுல நிக்குறதெல்லாம் சேத்து எட்டு மணி நேரம்னு வச்சுக்குங்க. ஊட்டி ரொம்ப தூரம், பிள்ளைகள வச்சுக்கிட்டு நாலு நாள் லீவுக்கு ஆகாது. மூணாறு போகலாம், தேனி போடி வழியா, ஆனா அது கேரளா, வாடக வண்டின்னா பெர்மிட் எடுக்கணும், முதல் தடவைக்கு வேணாம்.

கூட்டம் ஆகாது, குளுரும் ரொம்ப வேணாம்னு நெனைக்கிறவங்களுக்கு தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருக்கு. அதுவும் அதே பழனி மலதான், ஆனா கீழ்மல, காபித் தோட்டமும் மலைவாழையும் இருக்க ஊருங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், இதெல்லாம் அதவிட நல்லா கீழ இருக்கு. ஏரி, போட்டு, கடைத்தெருன்னு ஒண்ணும் இருக்காது, பிள்ளைகளுக்கு போரடிக்கும்னு சொல்லுவாங்க, எங்க பிள்ளைகளுக்கு அடிக்கல. மூச்சுத் தொல்ல இருக்க பெரியவங்க வீட்டுல இருந்தா நான் இதத்தான் சொல்லுவேன். 25க்கு அப்புறம்தான் கிளம்ப முடியும்னா கண்ண மூடிக்கிட்டு இந்தப் பக்கம் போங்க.

ஸ்டெப் 3: ரூமு

செப்டம்பர், மிஞ்சிப்போனா அக்டோபர்ல போட்டுருங்க. டிசம்பர் பொறந்துட்டா கெடைக்கிற ரூமு மத்தவங்க வேணாம்னு விட்ட ரூமாத்தான் இருக்கும், வாடகையும் ரெண்டு மடங்கு.

போட்டோவ பாத்து போடாதீங்க. முதல் வருஷம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஜன்னல் வழியா ஏரி தெரியுற மாதிரி படம் போட்டிருந்தாங்க, போயி நின்னா ஏரிக்கும் அந்த வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். அதகூட விட்டுரலாம். வண்டிய நிறுத்துற ரோடு மேல இருக்கு, வீடு கீழ பள்ளத்துல இருக்கு, நடுவுல ஈரப் படிக்கட்டு, தம்பி எண்ணுனான், அம்பத்தி நாலு படி. கைப்பிடி கெடையாது. அம்மாவ நானும் தம்பியும் ரெண்டு பக்கமும் தாங்கித்தான் இறக்குனோம், இறங்குனவங்க மூணு நாளா அந்த வீட்ட விட்டு வெளிய வரல. மலைன்னாலே வீடு ரோட்டுக்கு மேலயோ கீழயோதான் இருக்கும், நம்ம மாதிரி வாசல்ல வண்டிய விட்டு இறங்குற கதை இல்ல. நம்ம ஆளுங்களுக்கு இது தோணவே தோணாது ஏன்னா நம்ம ஊரு மணல்காடு, தட்டையான பூமி.

அதனால ரூம்காரர் கிட்ட வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு வண்டி நிக்குற எடத்துலேர்ந்து கட்டில் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா அந்த ரூமு வேணாம். எத்தன படி, சுடுதண்ணி எந்த நேரத்துலேர்ந்து எந்த நேரம் வரைக்கும் (நிறைய எடத்துல காலைல ரெண்டு மணி நேரம்தான்), கம்பளி ஆளுக்கு எத்தன, கூடுதலா கேட்டா காசா, ஹீட்டருக்குத் தனி வாடகையா, கரண்டு போனா என்ன செய்வாங்க, சமைக்க அடுப்பு உண்டா, வாடக வண்டின்னா டிரைவர் எங்க படுப்பாரு. லொக்கேஷன அனுப்பச் சொல்லி மேப்ல தூரத்தையும் பாத்துருங்க. டிரைவர் விஷயம் சின்னதுன்னு நெனைக்காதீங்க, அந்தக் குளுருல வண்டிக்குள்ள சுருண்டு தூக்கம் கெட்ட மனுசன்தான் மறுநாள் நம்மள வச்சு மல இறக்கப்போறாரு.

ஸ்டெப் 4: இ-பாஸ்

இது ஈசி. சென்னை ஹைகோர்ட்டு உத்தரவால 2024 மே 7லேர்ந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டி போகணும்னா இ-பாஸ் வேணும். அரசு இணையதளத்துல போன் நம்பர், வண்டி நம்பர், எத்தன பேரு, என்னிக்குப் போறோம் என்னிக்கு வர்றோம்னு போட்டா வந்துரும், காசு கெடையாது, இடையில எவனாவது எடுத்துத் தர்றேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க. ஒரு வண்டிக்கு ஒரு பாஸ். கவர்மெண்டு பஸ்ல போறவங்களுக்குத் தேவையில்ல. எடுத்ததும் ஸ்கிரீன்ஷாட் போட்டு வச்சுருங்க, செக்போஸ்ட்டுல சிக்னல் இல்லாம ஒருத்தரு போன வானத்தப் பாத்துத் தூக்கிக்கிட்டே நின்னாரு, பாவம். கூட்டம் ஜாஸ்தியாகுற சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு கட்டுப்பாடு வைக்கிறாங்க, அதனால தேதி முடிவானதும் எடுத்துருங்க, நடைமுற மாறிக்கிட்டே இருக்கு, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவ பாத்துக்குங்க.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் மலைல ஆகாது. வீட்டுலேர்ந்தே எவர்சில்வர் பாட்டில், ஒரு குடம் மாதிரி கேன்னு கொண்டு போயிருங்க.

ஸ்டெப் 5: காசு

சீட்டுதான். எங்க வீட்டுக்காரி ஜனவரிலேர்ந்து வாரச் சீட்டு கட்டுறா, டிசம்பர்ல கைக்கு வரும். கடல் வருமானம் ஒரு வாரம் இருக்கும் ஒரு வாரம் இருக்காது, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல விசைப்படகு வீடுகள்ல சுத்தமா இருக்காது, அதனால ஒரேயடியா எடுத்து வச்சுக்கலாம்னு நெனைச்சா நடக்காது. மொத்தச் செலவுல பாதி ரூமுக்கே போயிரும், மிச்சத்துல வண்டி, சாப்பாடு. பிள்ளைக கடைத்தெருவுல கேக்குறதுக்குன்னு தனியா ஒரு தொகைய கவர்ல போட்டு அவங்க கையிலயே குடுத்துருங்க, தீந்தா தீந்துச்சு. இது நல்லா வேல செய்யுது.

ஸ்டெப் 6: துணிமணி

டிசம்பர்ல கொடைக்கானல் ராத்திரி எட்டு, ஒம்பது டிகிரிக்கு வந்துரும், பகல்ல வெயில் அடிச்சாலும் பதினேழு பதினெட்டுதான். நம்ம மார்கழியிலயும் ஃபேன் போட்டு படுக்குற ஆளுங்க. வாடக்காத்த குளுருன்னு நெனைச்சுக்கிட்டிருக்கோம், அது குளுரே இல்ல.

தடியான ஸ்வெட்டர் ஒண்ணு வாங்குறதவிட உள்ள பனியன், மேல முழுக்கை சட்ட, அதுக்கு மேல ஸ்வெட்டர்னு அடுக்கா போடுறதுதான் கணக்கு, வெயில் வந்தா ஒவ்வொண்ணா கழட்டிக்கலாம். காதையும் காலையும் மூடுனா பாதிக் குளுரு போயிரும். இங்கதான் பெரியவங்க பிரச்சன வருது. எங்கம்மா வாழ்நாள்ல சாக்ஸ் போட்டதில்ல, வாங்கிக் குடுத்தா போட்டுட்டு செருப்ப மாட்டப் பாக்குறாங்க, கட்டைவிரல் வார் செருப்புக்குள்ள சாக்ஸ் கால் எப்படிப் போகும். இழுத்துப் பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, கடைசில சாக்ஸ கழட்டி ஸ்வெட்டர் பையில போட்டுட்டு வெறுங்காலோட நடந்தாங்க, அந்த ஈரத் தரையில. ராத்திரி பூரா கால் விறைச்சுப்போயி தூக்கமே இல்ல. அதனால பெரியவங்களுக்கு ஸ்வெட்டர் வாங்குறதுக்கு முன்னாடி மேல பட்ட வச்ச செருப்பு ஒண்ணு வாங்கி, சாக்ஸோட ஒரு வாரம் வீட்டுலயே நடக்க விட்டுப் பழக்குங்க. இன்னொண்ணு, நூல் சேலைக்குள்ள காத்து ஏறும். அம்மா மூணாவது தடவ தம்பியோட டிராக் பேண்ட்ட உள்ள போட்டு மேல சேல கட்டிக்கிட்டாங்க, "எவளுக்குத் தெரியப்போகுது" ன்னு. நல்ல யோசன.

தேங்காயெண்ண மேல போனா கட்டியாயிரும், நெய் மாதிரி. 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது ஒறையும், நம்ம ஊர்ல அத பாத்திருக்கவே மாட்டோம், அம்மா பாட்டில கவுத்துக் கவுத்துப் பாத்துட்டு கெட்டுப்போச்சோன்னு தூக்கிப் போடப் பாத்தாங்க. டீ கிளாஸ் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சா இளகிரும். பாட்டிலுக்குப் பதிலா வாயகன்ற டப்பால கொண்டு போனா விரலால எடுத்துக்கலாம்.

ஸ்டெப் 7: கிளம்புறதுக்கு முன்னாடி கூண்ட பாருங்க

நம்ம ஆளுங்களுக்கு இத சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா டூர்னு வந்துட்டா மறந்துர்றாங்க. டிசம்பர்ங்கிறது வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத மாசம். பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கக் கூண்டு ஏறியிருந்தா அது கடலுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, அதே மழ ரெண்டு நாள்ல மலையில கொட்டும், மண் சரியும், மரம் விழும், ரோட்ட அடைப்பாங்க. வள்ளத்த மேடேத்தி கட்டிட்டு வீட்டுல இருங்க, அட்வான்ஸ் போனா போகுது. ரூம் போடும்போதே புயல் மழன்னா தேதி மாத்தித் தருவீங்களான்னு கேட்டு வாட்ஸ்அப்லயே பதில் வாங்கி வச்சுக்குங்க, வாயால சொல்றது நிக்காது.

ஸ்டெப் 8: பயணம்

ஒரே மூச்சுல போகாதீங்க. ராத்திரி மதுரையிலயோ வத்தலக்குண்டுலயோ படுத்துட்டு விடியக்காலம் அஞ்சர ஆறுக்கு மல ஏறணும், இதுதான் மூணாவது வருஷம் எங்கள காப்பாத்துனது. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி மேல போயிரலாம், பிள்ளைகளும் தூங்கி எந்திரிச்சு தெளிவா இருப்பாங்க, வெறும் வயித்துல இல்லாம நெறஞ்ச வயித்துலயும் இல்லாம ரெண்டு இட்லியோட வளைவுகள தாண்டிரலாம்.

கார்ல போறவங்க ராமநாதபுரம், பரமக்குடி வந்துட்டா அங்கேர்ந்து மதுர வரைக்கும் நாலுவழிச் சாலை. மதுரைக்கு அப்புறம் வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. பெட்ரோல் டீசல் வத்தலக்குண்டுலயே ரொப்பிக்குங்க. பஸ்ல போறவங்க ஒண்ணு மனசுல வச்சுக்குங்க, நம்ம ஊரு பஸ் மாட்டுத்தாவணியில இறக்கிவிடும், கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்துலேர்ந்து கிளம்பும், நடுவுல டவுன் பஸ்ல மூட்ட முடிச்சோட போகணும், அதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வைங்க. ரயில்னா ராமேஸ்வரம் மதுர பாசஞ்சர் இருக்கு, 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்ததுலேர்ந்து மறுபடி தீவுக்குள்ளேர்ந்தே ஏறிக்கலாம், நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல மண்டபம் போயில்ல ஏறுனோம்.

வாந்திக்கு வருவோம். டாக்டர்ட்ட கேட்டு வாந்தி மாத்திர வாங்கி மல ஏறுறதுக்கு அர மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே குடுத்துருங்க, வாந்தி வந்ததுக்கப்புறம் குடுத்து பிரயோசனமில்ல. அந்தப் பிள்ளைய முன் சீட்டுல, இல்லன்னா ஜன்னலோரம், தூரத்துல இருக்கத பாக்கச் சொல்லி உக்கார வைங்க, கையில போன் குடுக்கவே கூடாது, குனிஞ்சு பாத்தா அடுத்த வளைவுல வெளிய வந்துரும். இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம். பையெல்லாம் நம்பாதீங்க, மூடி போட்ட சின்ன பெயிண்ட் வாளி ஒண்ணு காலடியில இருக்கட்டும். வத்தலக்குண்டுல பரோட்டா சால்னா வாசன மூக்கத் தொளைக்கும், இறங்குறப்ப சாப்பிட்டுக்கலாம்.

ஏற ஏற காது அடைக்கும். எச்சி முழுங்குனா சரியாயிரும், பிள்ளைகளுக்கு சப்புற மிட்டாய் குடுங்க, கைக்குழந்தன்னா பால் குடுத்துக்கிட்டே ஏறுங்க. சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உப்பிப்போயி பலூன் மாதிரி நிக்கும், மேல காத்தழுத்தம் கம்மி, அதான். எங்க பெரியவன் ஒவ்வொரு வளைவுக்கும் பாக்கெட்ட எடுத்து அமுக்கிப் பாத்துக்கிட்டே வந்தான், அதுலயே ஒரு மணி நேரம் சத்தமில்லாம ஓடிருச்சு.

இப்ப வண்டி ஓட்டுறவங்களுக்கு. தங்கச்சிமடத்துலேர்ந்து மதுர வரைக்கும் மேடுன்னு பாத்தா பாம்பன் பாலம் ஒண்ணுதான், நம்ம ஆளுங்க டாப் கியர்லயே பொறந்து வளந்தவங்க. மலையில அது ஆகாது. ஏறும்போது ரெண்டு, சில வளைவுல ஒண்ணுன்னு கியர குறைச்சு ஓட்டுங்க, ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டிதான் வழி விடணும், அதுதான் சட்டம். பனி எறங்குனா ஹை பீம் போடாதீங்க, வெள்ளச் செவுரு மாதிரி திருப்பி நம்ம கண்ணுலயே அடிக்கும், லோ பீம்தான். வளைவுல ஆரன், வளைவுல ஓவர்டேக் கெடையாது. வாடக வண்டி எடுத்தா டிரைவர் எத்தன தடவ மல ஏறியிருக்காருன்னு கூச்சப்படாம கேளுங்க. பழக்கமில்லன்னா மதுரையிலயே வேற வண்டி புடிச்சுக்குங்க, கௌரவம் பாக்காதீங்க. குரங்குக்குத் தீனி போடாதீங்க, கண்ணாடிய ஏத்தியே வைங்க.

ஸ்டெப் 9: மேல போயி

போன அன்னிக்கு ஒண்ணும் வேணாம். கொண்டுபோனத சாப்பிட்டு, கம்பளிய போத்திக்கிட்டு படுங்க.

மீனு கொண்டு போலாமான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, மீனில்லாம மூணு நாளா நம்மாளு இருப்பானா. முதல் வருஷம் தெர்மக்கோல் பெட்டில ஐஸ் போட்டு விளமீனும் கணவாயும் எடுத்துட்டுப் போனோம். எட்டாவது வளைவுலயோ ஒம்பதாவதுலயோ பெட்டி சாஞ்சு ஐஸ் தண்ணி டிக்கி பூரா ஓடி, அந்த வாட ஈஸ்டர் வரைக்கும் வண்டிய விட்டுப் போகல. இப்ப என்ன செய்றோம்னா, மசாலா தடவி வீட்டுலயே நல்லா மொறுமொறுன்னு பொரிச்சு, ஆற வச்சு, எவர்சில்வர் டப்பால போட்டு எடுத்துட்டுப் போயி அன்னிக்கு ராத்திரியே முடிச்சிர்றது. கருவாடு மட்டும் வேணவே வேணாம். குளுருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருப்போம், அதுல நெத்திலிக் கருவாட வறுத்தா பக்கத்து ரூம்காரங்க போலீஸ கூப்பிடுவாங்க. கறி, கோழி அங்கயே கெடைக்கும்.

சோறு ஆக்குறவங்களுக்கு ஒரு சங்கதி. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரி வாக்குலயே கொதிச்சிரும், பாக்க தளதளன்னு கொதிக்கும், ஆனா சூடு பத்தாது, சட்டியில வடிச்சா அரிசி நறுக்கு நறுக்குன்னு நிக்கும். குக்கர் கொண்டு போங்க, வீட்டுல மூணு விசில்னா அங்க அஞ்சு. வீட்டுக்காரி முதல் நாள் அரிசிய திட்டுனா, ரெண்டாவது நாள் அடுப்ப திட்டுனா.

இத கட்டாயம் படிங்க: குளுருதுன்னு ரூமுக்குள்ள கரியடுப்பு, சட்டியில தணல், பார்பிக்யூ எதையும் வச்சுக் கதவ சாத்தாதீங்க. அந்தப் புகையில இருக்க விஷவாயுவுக்கு வாடையும் கெடையாது, தூக்கத்துலயே ஆள கொண்டுபோயிரும். கேஸ் கீசர் இருக்க பாத்ரூம்னா ஜன்னல் திறந்திருக்கணும். வெளிய தீ போட்டா வெளியவே அணைச்சிட்டு வாங்க.

பூசைக்கு: எந்தக் கோயில்ல ராத்திரிப் பூச எத்தன மணிக்குன்னு 24 காலைலயே விசாரிச்சு, திரும்பி வர்றதுக்கும் சேத்து டாக்ஸி பேசிருங்க, நடுராத்திரி வண்டி கெடைக்காது. நாங்க பக்கத்துல இருந்த சின்னக் கோயிலுக்குத்தான் போனோம். மறுநாள் சலேத் மாதா கோயிலுக்குப் போனோம், 1866ல கட்டுனது, மாதா பிரான்ஸ்ல ஒரு மலையில காட்சி குடுத்தாங்கள்ல, அந்த எடத்தோட பேருதான். ஏத்தம் செங்குத்து, பெரியவங்கள நடக்க விடாதீங்க, வாசல் வரைக்கும் வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க.

முன்னாடி சொன்னேன்ல இன்னொரு வேல செஞ்சோம்னு. நம்ம வீட்டுக் குடில்ல வைக்கிற பால இயேசு சுரூபத்த அம்மா துண்டுல சுத்தி மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாங்க, அத்தன வளைவுக்கும் கீழ வைக்கல. பிள்ளைக ஒரு சின்ன டப்பால கடற்கர மணலும் சிப்பியும் எடுத்துட்டு வந்தாங்க. பனையோல அங்க இல்ல, அதுக்குப் பதிலா கீழ விழுந்து கெடந்த பைன் காய பொறுக்கியாந்து ரூம் மேசையில குடில் போட்டோம், மணல்ல பைன் காய் நிக்குது, பக்கத்துல சங்கு. பன்னண்டு மணிக்கு சுரூபத்த வச்சுட்டு அம்மா ஊர்ல இருக்க அத்தைக்கு வீடியோ கால் போட்டு அதைத்தான் காட்டுனாங்க, ஏரியக் கூட காட்டல. இந்த ஒரு ஐட்டத்தாலதான் அடுத்த வருஷத்துக்கு அவங்க சரின்னுருக்காங்க.

ஸ்டெப் 10: சுத்திப்பாக்க

பத்து எடம்னு லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு எடம் போதும், அதுவும் காலைல பத்து மணிக்குள்ள, மதியத்துக்கு மேல மேகம் எறங்கிரும், தூண் பாறைக்குப் போயி வெள்ளத் திரையப் பாத்துட்டு வர வேண்டியதுதான். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடபாத, 1872ல போட்டது, பெரியவங்களும் மெதுவா நடக்கலாம், உக்கார எடம் இருக்கு. ஏரிய சுத்தி அஞ்சு கிலோமீட்டர், பிள்ளைகளுக்கு சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் குடுங்க. அந்த ஏரி தானா வந்ததில்ல, மதுர கலெக்டரா இருந்த லெவிஞ்ச்ங்கிறவரு 1863ல ஓடைய மறிச்சுக் கட்டுனது. அப்ப நம்ம ராமநாதபுரமும் மதுர ஜில்லாதான், 1910லதான் தனி ஜில்லா ஆச்சு, ஆக அவரு நமக்கும் கலெக்டர்தான், நமக்கு மட்டும் ஒரு ஏரிய வெட்டாம போயிட்டாரு. கூட்டம் வேணாம்னா பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்க, படிப்படியா வயல், ஆட்டுப் பண்ண, ரோடு கொஞ்சம் மோசம்.

வாங்குறதுல மலைப்பூண்டு வாங்குங்க, 2019ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, கார்த்திக வாக்குல ஒரு அறுவடை முடிஞ்சிருக்கும். உரிச்சா வாட சுள்ளுன்னு ஏறணும். அம்மா ரெண்டு கிலோ வாங்குனாங்க, மீன் குழம்புக்கு நாலு பல்லு போட்டா போதும்னு இப்பவும் சொல்லிக்கிட்டிருக்காங்க. தைலம் ரோட்டோரத்துல வாங்காதீங்க.

ஸ்டெப் 11: இறங்குறது

26 காலைல டீய குடிச்சதும் கிளம்பிருங்க, எதிர்ல கூட்டம் ஏறிக்கிட்டிருக்கும், நம்ம பக்கம் காலியா இருக்கும், அதப் பாக்குறதுல ஒரு தனி சந்தோஷம். ஏறுன கியர்லயே இறங்கணும். பிரேக்க அமுக்கிக்கிட்டே வந்தா சூடாகி கருகுன வாட வரும், அப்புறம் பிடிக்காமயே போயிரும், அந்த வாட வந்துச்சுன்னா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. நியூட்ரல்ல உருட்டி டீசல் மிச்சம் புடிக்கலாம்னு எந்த மச்சான் சொன்னாலும் கேக்காதீங்க.

ஸ்வெட்டர வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள கழட்டிருவீங்க. அப்பவே பைய திறந்து தேங்காயெண்ண மூடிய ஒரு தடவ இறுக்கிப் பாருங்க, மேல கட்டியா இருக்கப்ப சும்மா வச்சு மூடியிருப்போம், கீழ இறங்க இறங்க உருகிரும். எங்கம்மா கிறிஸ்மஸ் சேலையில இன்னும் அந்தக் கறை போகல.